ஒரு கை தூக்கிய பட்டுச் சட்டை

குவெங்கா
ஜனவரி, மழை விடாத ஒரு வியாழக்கிழமை

என் கண்ணான மகள் நோயெமிக்கு உன் அம்மா ஹெர்மெலிண்டா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் தேக சுகத்தோடு இருக்கிறோம், என் முழங்காலும் அவருடைய ட்ராம்போனும்தான் இந்த மழைக்கு முனகுகின்றன, மற்றபடி சந்தையில் கடை நடக்கிறது, அடுப்பில் பன்றிகள் வெந்துகொண்டிருக்கின்றன. அங்கே ஸ்பெயினில், முர்சியாவில் நீ சுகமாக, காலில் உறையோடு, மூன்று வேளையும் சுடச்சுடச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவளும் பிள்ளை பெற்றவள்தானே, கேட்காமலா போவாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் போனில் நீ நடுவில் அழுவாய், நான் நடுவில் திட்டுவேன், கதை பாதியில் நிற்கும். எதிர்க் கடை இக்னாசியாவின் மருமகள் திங்கட்கிழமை ஸ்பெயினுக்குப் புறப்படுகிறாள், அவளிடம் வறுத்த சோளமும் வெல்லமும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இந்தக் கடிதமும். சோளத்தை மென்றுகொண்டே படி, வாய் நிறையச் சோளம் இருந்தால் யாராலும் அழ முடியாது.

நீ போன மாதம் அந்த விஷயத்தைச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். “அம்மா, என்னைப் பெத்தவங்க பெரிய வீட்டு ஆளுங்கம்மா, அந்தச் சட்டையப் பார்த்தாலே தெரியுது, எனக்கு இங்க லீவு இல்ல, நீயே எடுத்துட்டுப் போய் வீடு வீடாக் கேளேன்” என்றாய். வளர்த்தவளே கையில் சட்டையை எடுத்துக்கொண்டு தன் பெண்ணுக்கு வேறு தாய் தேடிப் போவது உலகத்தில் எங்கேயாவது உண்டா? மாப்பிள்ளை தேடுவார்கள், மேயப் போன மாட்டைத் தேடுவார்கள், தாயைத் தேடித் தருகிற தாயை நான் கேள்விப்பட்டதில்லை. உன் அப்பாவிடம் முறையிட்டேன், அவர் ட்ராம்போனைத் துடைத்துக்கொண்டே, பெண் கேட்கிறது, போய்விட்டுத்தான் வாயேன் என்றார். அவருக்கென்ன, ஊதிவிட்டுப் போகிற மனிதர். பளிங்குத் தரையும் வெள்ளி முள்கரண்டியும் உள்ள ஒரு அம்மா கிடைத்துவிட்டால், பன்றிக் கொழுப்பு மணக்கிற இந்த அம்மாவை நீ எந்த அலமாரியில் வைப்பாய் என்று யோசித்தேன். யோசித்தாலும் போனேன், ஏனென்றால் நீ கேட்டாய்.

நீ வந்த கதை உனக்குத் தெரியும், சின்ன வயதில் தூங்குவதற்கு அதைத்தான் சொல்லச் சொல்வாய். இருந்தாலும் இன்னொரு தரம் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒவ்வொரு இடமும் இப்போது எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பாலன் இயேசுவின் ஊர்வலம். தெரு முழுக்கக் குதிரைகள், குதிரை மேல் சுட்ட பன்றியும் கோழியும் வாழைக்குலையும் சாராயப் பாட்டிலும் கட்டித் தொங்க, ராஜா வேஷமும் இடையன் வேஷமும் சிறகு கட்டின சம்மனசு வேஷமும் போட்ட பிள்ளைகள் அழுதுகொண்டே போகிறார்கள், உன் அப்பா பேண்டு கோஷ்டியில் கன்னம் வீங்க ஊதிக்கொண்டு போகிறார். நான் தட்டைக் கழுவக் குழாயடிக்குப் போய்த் திரும்பினால் அடுப்பை ஒட்டியிருந்த ரொட்டிக் கூடையில் நீ கிடக்கிறாய். வெள்ளைப் பட்டு, ஜரிகை வேலை, நெஞ்சில் ஒரு மிருகம், மிருகத்தின் பக்கத்தில் கோபுரம் மாதிரி ஏதோ ஒன்று. இடது கை சாதாரணமாக இருந்தது, வலது கை மட்டும் பஸ்ஸை நிறுத்தச் சொல்வதுபோல் மேலே தூக்கியிருந்தது, சட்டையைக் கழற்றும் வரை அதை நீ இறக்கவே இல்லை, சட்டையில் அந்தக் கையின் தையலே அப்படி. தைத்தவன் குடிகாரன் என்று நான் அன்றே முடிவு கட்டினேன். இது ஏதோ பெரிய வீட்டுக் குழந்தை, ஊர்வலத்துக்குச் சம்மனசு வேஷம் கட்டிக் கூட்டத்தில் தொலைத்துவிட்டார்கள், இதோ ஓடி வருவார்கள் என்று சந்தையே சொன்னது. யாரும் வரவில்லை. கோவிலில் சொன்னோம், போலீசில் சொன்னோம், சர்க்கார் ஆபீசுக்கு நடையாய் நடந்தோம், கடைசியில் நீ எங்களுக்கு என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து சந்தைக்காரிகளுக்கு நீ சின்ன எஜமானி, உனக்கு அடிக்கக் கை எட்டும் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நீ சொன்ன அடையாளம் தோள். உன் வலது தோள் கொஞ்சம் தூக்கல், சட்டையும் வலது பக்கம் தூக்கல், ஆகவே இது பரம்பரை வாகு, வலது தோள் தூக்கிய பணக்காரர்களைப் பார் என்றாய். கண்ணு, உன் தோள் தூக்கலாக இருப்பது போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுவதால், இதற்கு ஜாதகம் பார்க்க வேண்டாம். ஆனாலும் நீ சொன்னாய் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை பெரிய கோவிலில் முன்வரிசைக் குடும்பங்களின் முதுகுகளையே பார்த்துக்கொண்டு பூசை கண்டேன், நற்கருணை வாங்கும்போதுகூட எனக்கு முன்னால் நின்றவர் தோளை அளந்துகொண்டிருந்தேன், கடவுள் மன்னிக்கட்டும். மிருகத்தைத்தான் கடைசியில் நம்பினேன். துவைத்துத் துவைத்து நூல் போய்விட்டது, ஆனால் நாலு கால் உண்டு. மான் என்று நீ சொன்னாய், வாசலில் மான் சின்னம் போட்ட வீடு அரியாஸ்மெந்தி வீடு, ஆகவே முதலில் அங்கே. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா, தோல் முறுகின பன்றியில் ஒரு கிலோவை இலையில் கட்டி எடுத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று மனைவிகள், நடுவில் சக்கர நாற்காலியில் அவர்களுடைய அப்பா, ஊரே மரியாதைக்குத் ‘தோன்’ போட்டுக் கூப்பிடும் தோன் பிளாசிதோ, தொண்ணூறு வயது. நான் சட்டையை விரித்து விஷயத்தைச் சொன்னேன். மூன்று மனைவிகளும் ஒரே நேரத்தில் தத்தம் புருஷனைத் திரும்பிப் பார்த்தார்கள், மூன்று புருஷன்களும் ஒரே நேரத்தில் மற்ற இரண்டு பேரைப் பார்த்தார்கள். கிழவர்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கி, “நான்தான்” என்றார். அவரை யாருமே கேட்கவில்லை. பெரிய மகன் பதறிப்போய், அந்த வருஷம் முழுக்க அப்பா இடுப்பு ஒடிந்து ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடந்தார் என்றான், கிழவர் கேட்கிறதாக இல்லை, நான்தான் நான்தான் என்று பெருமையாக ஒத்துக்கொண்டே இருந்தார். போன மாதம் மேயரையும் தன் பிள்ளை என்றாராம், அதற்கு முன்னால் மீசை வைத்த தபால்காரரை. சின்ன மருமகள் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டு, மிருகம் மான் இல்லை, மானுக்கு இவ்வளவு குட்டைக் கால் கிடையாது என்று நல்லபடியாகவே சொன்னாள். கிழவருக்குப் பல் இல்லை, ஆனாலும் பன்றித் தோலைக் கேட்டு வாங்கிச் சப்பிக்கொண்டிருந்தார். அவர் உன்னை மகளாக ஏற்றுக்கொண்ட செய்தியைச் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

அடுத்தது ஆற்றோரத்து லரீவா வீடு. வாழ்ந்து கெட்ட வீடு, ஆனால் வாழ்ந்ததை மறக்காத வீடு. கதவைத் தட்டினேன், தலையில் வெள்ளைத் தொப்பியும் இடுப்பில் வேலைக்காரி ஏப்ரனுமாக ஒருத்தி திறந்து, இருங்கள், எஜமானியிடம் சொல்கிறேன் என்று சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தொப்பி இல்லாமல், முத்துமாலையோடு அதே முகம் வந்து, என்ன வேண்டும் என்று கேட்டது. அதுதான் எஜமானி, தோன்யா ஒஃபெலியா லரீவா. நானும் கண்டுகொள்ளாததுபோல் உங்கள் வேலைக்காரி நல்ல மரியாதை தெரிந்தவள் என்றேன், அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கூடத்தில் மழை ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் வெள்ளிப் பாத்திரம் வைத்திருந்தார்கள், டொக் டொக் என்ற சத்தத்துக்கு நடுவில் நான் கதை சொன்னேன். முடிப்பதற்குள் அவளுடைய தம்பி தோன் கொன்சாலோ எழுந்து நின்று, இது மான் இல்லை, எங்கள் வம்சத்து வேட்டை நாய், பெண் எங்கள் ரத்தம் என்றார். உன் போட்டோவை நான் இன்னும் பையிலிருந்து எடுக்கவே இல்லை, அதற்குள் மூக்கு அப்படியே எங்கள் அத்தை மூக்கு என்று தோன்யா கண்ணைத் துடைத்தாள். பிறகு இரண்டு பேரும் நெருங்கி உட்கார்ந்து, பெண்ணுக்கு ஸ்பெயின் பாஸ்போர்ட் இருக்கிறதா, சொந்தச் சித்தப்பாவையும் அத்தையையும் அவள் அங்கே கூப்பிட்டுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று விசாரித்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், ஆனால் ஓநாய் பாவம் பட்டினி, இவர்களுக்கென்று கட்டிக் கொண்டுபோன ஒரு கிலோ பன்றியும் பேசி முடிப்பதற்குள் காலி. தோள் அடையாளத்தை நான் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். அந்த நிமிஷம் தோன் கொன்சாலோ வலது தோளைத் தூக்கினார், இன்றுவரை இறக்கவில்லை, ஞாயிறு பூசைக்கும் அப்படியேதான் வந்தார், சாமியாரே கழுத்துச் சுளுக்கா என்று கேட்டார்.

இவர்கள் இரண்டு பேரும், காணாமற்போன எங்கள் பெண் கிடைத்துவிட்டாள் என்று சட்டையின் போட்டோவை ஊர் முழுக்கக் காட்டியிருக்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, ஒரு வாரத்தில் அது தோன்யா எவுலோகியா பெல்மாரின் கண்ணில் பட்டுவிட்டது. மறுநாள் காலை சந்தை வாசலில் ஒரு கறுப்புக் கார். அதிலிருந்து எண்பது வயதுச் சீமாட்டி இறங்கி, மீன் தண்ணீரும் முட்டைக்கோஸ் இலையும் கிடக்கிற தரையில் அந்தச் செருப்போடு நடந்து நேரே என் கடைக்கு வந்தாள். வந்தவள், எங்கே அது என்றாள், சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதை முகத்தில் புதைத்துக்கொண்டு, “என் ராசா, என் தங்கமே, இத்தனை வருசம் குளிர்ல கிடந்தியா” என்று கதறினாள். கண்ணு, உன் பாட்டி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். நெஞ்சு ஒரு பக்கம் வலித்தது, ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது, அழுதுவிட்டேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம், அவளுடைய ரோமக் கோட்டில் முழுக்கப் பன்றிக் கொழுப்பு. இக்னாசியா அழுதாள், உருளைக்கிழங்கு அடை சுடுகிறவள் அழுதாள், உன் அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் ட்ராம்போனை எடுத்து ஒரு கல்யாணப் பாட்டை ஊதிவிட்டார். ஓய்ந்த பிறகு நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பிள்ளை முர்சியால இருக்கா தாயி, நல்லா இருக்கா” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, “எந்தப் பிள்ளை?” என்றாள்.

அவள் அழுதது உனக்காக இல்லை. அவள் வீட்டுப் பாலனுக்காக. நீ போட்டிருந்தது பெல்மார் வீட்டுக் குழந்தை இயேசு சிலையின் சட்டை. அந்தக் காரிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டு போனாள், போய்ப் பார்த்தேன். பாலனுக்குத் தனி அறை, தனிக் கட்டில், தனி அலமாரி, பிறந்த குழந்தை அளவு, கண்ணாடிக் கண், பார்க்க ரொம்ப அழகு. சாப்பாட்டு மேஜையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு, சொத்துப் பிரித்தபோது அவருக்கும் ஒரு பங்கு வைத்தார்களாம். வலது கையைத் தூக்கி இரண்டு விரலால் ஆசீர்வதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சட்டையின் வலது கையைப் பார்த்தேன், அவர் கையைப் பார்த்தேன், இத்தனை காலம் திட்டிய அந்தத் தையல்காரனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். நெஞ்சிலிருந்த மிருகம் மானுமில்லை நாயுமில்லை, சாமியின் அடையாளமான செம்மறிக் குட்டி, பக்கத்தில் இருப்பது கோபுரமில்லை, அது தூக்கிப் பிடித்திருக்கும் கொடி. ஒவ்வொரு வருஷமும் பாலனைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிற ஊரில், இது பாலன் சட்டை என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை பார். குழந்தைகளுக்குச் சம்மனசு வேஷம் போட்டே பழகிவிட்டோம், சாமியின் சட்டையை ஒரு குழந்தைக்குப் போடுவார்கள் என்று யாருக்குத் தோன்றும்.

பிறகு குடும்பம் கூடியது, மகன்கள், மருமகள்கள், அவர்கள் வீட்டுச் சாமியார். வழக்கு என்னவென்றால், சாமியின் உடுப்பைப் போட்டுக்கொண்ட ஒருத்தி என்ன ஆகிறாள் என்பது. சட்டை காணாமற்போன நாளிலிருந்து தங்களுக்கு நேர்ந்த கஷ்டமெல்லாம் அதனால்தான் என்றாள் தோன்யா, ஓடு சூளை மூடியது, மூத்தவன் பெண்டாட்டி போனது, ஆலங்கட்டி மழையில் காரின் கூரை சொட்டையானது, எல்லாம் உன் தலையில். நடு மகன், போட்டுக்கொண்டவள் திருடிதானே என்று இழுத்தான். பிறந்து ஒரு நாள் ஆகாத குழந்தையைத் திருடி என்று சொல்ல வேதத்தில் இடமில்லை என்றார் சாமியார். திருடி இல்லை என்றால் பிறகு யார் என்று வெகு நேரம் வாதாடினார்கள், காப்பி வந்தது, கேக் வந்தது, எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், உலர்ந்துபோன கேக். முடிவில் தோன்யா தீர்ப்புச் சொன்னாள். ஒரே சட்டையைப் போட்டவர்கள் உடன்பிறப்புகள், பாலன் இந்த வீட்டுப் பிள்ளை, ஆகவே நீ பாலனின் தங்கை, ஆகவே பெல்மார் குடும்பத்துப் பெண். கோவிலில் அவர்கள் வரிசையில் உனக்கு இடம் உண்டு, கூடத்தில் உன் படம் மாட்டுவார்கள். பதிலுக்குச் சட்டையைக் கொடுத்துவிட வேண்டும், கார்னிவலுக்கு முந்தின ஞாயிறு அவர்கள் வீட்டுப் பாலன் ஊர்வலம், அதற்குப் போட வேண்டும். பார், நீ தேடியது கிடைத்துவிட்டது, நீ பெரிய வீட்டுப் பெண்தான், அதுவும் ஒரு மரச்சிலையின் தங்கையாக. இந்தச் செய்தியை உன்னிடம் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தேன், சேர்த்துவிட்டேன், வாக்கு தீர்ந்தது.

இதுவரைக்கும் எனக்குச் சிரிப்பை அடக்குவதுதான் பாடாக இருந்தது. அப்புறம்தான் நான் கேட்டேன், சரி, இந்தச் சட்டையை என் பெண்ணுக்குப் போட்டுவிட்டது யார் என்று. வேறு யார், அந்த இஸ்திரி போடுகிறவள்தான் என்றாள் தோன்யா, ஏதோ மழை பெய்தது என்பதுபோல. பாலன் உடுப்புகளைத் துவைத்து இஸ்திரி போடுவதற்கென்றே மலையிலிருந்து ஒரு சின்னப் பெண்ணை வைத்திருந்தார்களாம், அந்த ஊர்வலத்தன்று காலையில் சட்டையையும் காணோம், அவளையும் காணோம். போலீசில் சொன்னீர்களா என்றேன், சொன்னோமே, சட்டைக்குச் சொன்னோம் என்றாள். அவளுக்கு? “அவளுக்கு எதுக்கு, அவதான் போயிட்டாளே.” பெயர் என்ன என்றேன். அங்கே ஆரம்பித்தது வேடிக்கை. சட்டையைப் பற்றிக் கேள், பட்டு எந்த ஊர்ப் பட்டு, எந்த மடத்துக் கன்னியாஸ்திரி தைத்தாள், முதல் தரம் எப்போது போட்டார்கள் என்று ஆளாளுக்கு ஒப்பிக்கிறார்கள். அவள் பெயர் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். வேலைக்காரிகள் எல்லாருக்கும் அந்த வீட்டில் மரியா என்றே பெயர், ஆளுக்கொரு பெயர் ஞாபகம் வைத்துக்கொள்வது தோன்யாவின் தாயாருக்குத் தலைவலி கொடுத்ததாம். நீளச் சடை என்றான் ஒரு மகன், இல்லை அது அதற்கு முந்தின மரியா என்றாள் ஒரு மருமகள். தோன்யாவுக்கு மட்டும் ஒன்று நினைவு வந்தது. “அந்த வருசம் ரொம்பப் பெருத்துட்டா, தின்னுக்கிட்டே இருந்தா. அரிசி டப்பாவையே நாங்க பூட்டி வெச்சோம்.”

நோயெமி, நான் அந்தக் கேக்குத் தட்டை மேஜையில் வைத்துவிட்டேன். ஒரு பெண் மாதக்கணக்காக வயிற்றில் பிள்ளையோடு அவர்கள் கண் முன்னால் நின்று இஸ்திரி போட்டிருக்கிறாள், மரச்சிலைக்குச் சளி பிடிக்குமோ என்று போர்வை மாற்றுகிறவர்களுக்கு அது தெரியவில்லை, பசி என்று தெரிந்தபோது பூட்டுப் போட்டார்கள். அவளுக்கு அப்போது பத்தொன்பது இருபது வயது இருக்கும். நீ பிறந்தது எங்கே, யார் தண்ணீர் கொடுத்தது, ஒன்றும் தெரியாது. உன் அப்பன் யார் என்றும் எனக்குத் தெரியாது, அந்த வீட்டு ஆண்களின் தோளைப் பார்த்தேன், எல்லாம் மட்டமாகத்தான் இருக்கிறது, அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். அவளிடம் உனக்குப் போர்த்த ஒரு துணிகூட இருந்திருக்காது, அந்த மழைக் குளிரில் அந்த வீட்டிலேயே உயர்ந்த துணி எதுவோ அதை எடுத்து உனக்குப் போட்டாள். சாமி கோபித்துக்கொள்ளும் என்று பயந்திருப்பாள், பயந்தும் போட்டாள். இத்தனை கடைகளில் என் கடையில் ஏன் வைத்தாள் என்று நான் கர்வமாக நினைத்ததுண்டு, என் முகத்தைப் பார்த்து வைத்தாள் என்று. இல்லை, என் அடுப்புதான் சந்தையிலேயே பெரிய அடுப்பு, அங்கேதான் சூடு. அவள் பார்த்துத்தான் வைத்திருக்கிறாள்.

அவள் படுத்த அறையைக் காட்டுங்கள் என்று கேட்டேன். ஏன் என்று புரியாமல் காட்டினார்கள். சமையலறைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு அறை, இப்போது ஊர்வலக் குதிரையின் குஞ்சங்களும் எரியாத சீரியல் பல்புகளும் போட்டு வைத்திருக்கிறார்கள். இஸ்திரி மேஜை மட்டும் இன்னும் இருக்கிறது. அவர்கள் வெளியே நின்றார்கள், நான் உள்ளே போய் அந்த மேஜையில் கை வைத்தேன். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும், நான் சத்தமாகவே சொன்னேன். “ஏம்மா, உன் பேரு எனக்குத் தெரியாது. உன் பொண்ணு நல்லா இருக்கா. என்னைவிட உயரம். கோவம் ஜாஸ்தி, அது என்கிட்டேர்ந்து வரல. நல்லா சாப்பிடுவா தாயி, எங்க வீட்டுல எதையும் பூட்டி வெச்சதில்ல.” சொல்லிவிட்டு அங்கேயே அழுதேன், சந்தையில் தோன்யாவைக் கட்டிக்கொண்டு அழுதது வீணாய்ப் போன அழுகை, இதுதான் அழுகை.

சட்டையை நான் கொடுக்கவில்லை. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன், அந்த வீட்டில் அங்கே கை வைக்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை. சட்டைக்குச் சொந்தக்காரர் பாலன் என்றாள் தோன்யா, இருக்கலாம், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு உயிர் பிழைத்தவள் முர்சியாவில் இருக்கிறாள், அண்ணனும் தங்கையும் நேரில் பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்றேன், சாமியாருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார். உனக்கு விமான டிக்கெட் அனுப்புகிறோம் என்று இப்போது தினம் ஒரு மருமகள் கடைக்கு வந்து போகிறாள், வருகிறவள் அரைக் கிலோவாவது வாங்காமல் போவதில்லை. அவர்கள் டிக்கெட்டில் வராதே. உன் டிக்கெட்டில் வா, கொடுப்பதென்றால் நீயே கொடு, கிழித்துத் தலையணை உறை தைப்பதென்றால் அதையும் நீயே செய். நீ தேடுவதை நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன். முன்வாசலில் தேடினோம், தப்பான வாசல், அவ்வளவுதான். நானும் சும்மா இல்லை, மலையிலிருந்து இறங்கி வருகிற, நாற்பது தாண்டின பெண் எவள் கடைக்கு வந்தாலும் ஒரு துண்டுத் தோலைக் கையில் கொடுத்து, உனக்கு இஸ்திரி போடத் தெரியுமா என்று கேட்கிறேன். நான் வேலைக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி பரவிவிட்டது, நேற்று இரண்டு பேர் துணி மூட்டையோடு வந்து நின்றார்கள், உன் அப்பா அவர்களுக்குக் காப்பி கொடுத்து உட்கார வைத்திருக்கிறார், அவருடைய பேண்டு உடுப்புக்கு இப்போது நல்ல இஸ்திரி. லரீவா வீட்டிலிருந்து மட்டும் அங்கே ஆள் வந்தால் நீ ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிடு, தோன் கொன்சாலோ இன்னும் நம்பிக்கையோடு தோளைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

மகளே, அங்கே குளிர் என்று கேள்விப்படுகிறேன், கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. முட்டைக்கோஸ் கட்டுகிற வேலையில் கை ஈரத்திலேயே இருக்கும், படுக்கும் முன் எண்ணெய் தடவிக்கொள். பெப்ரவரியில் உன் அப்பாவின் பெயர் கொண்ட புனிதரின் திருநாள், மறக்காமல் கூப்பிடு, அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சோள டப்பா இக்னாசியாவுடையது, கழுவித் திருப்பி அனுப்பு, இல்லையென்றால் என் உயிரை எடுத்துவிடுவாள். கடவுள் உன்னைக் காக்கட்டும், மாதா உன் கூடவே நடக்கட்டும், நீ எந்த வீட்டு வாசலில் நின்றாலும் தலை நிமிர்ந்து நில். இந்த ஆசீர்வாதத்தில் பாதி என்னுடையது. மீதிப் பாதியைச் சொல்ல அவளுக்கு இடம் கிடைக்கவில்லை, அதனால் நான் எழுதியிருக்கிறேன்.

இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கையெழுத்துப் போடும்,
உன் அம்மா ஹெர்மெலிண்டா